இரண்டாவது எண்ணிக்கை

இரண்டு பேர் ஒரே இரத்தத்தைத் தனித்தனியாக எண்ணினால் ஒரே எண் வரக்கூடாது. ஒருமுறை வரலாம். எப்போதும் வந்தால் அவர்களில் ஒருவர் எண்ணவில்லை என்று அர்த்தம்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் இரத்தப் பரிசோதனை லெப்பில் எண்ணுகிறவர்கள் இரண்டு பேர்: பைறோஸா அக்கா, புஷ்பராஜ் அண்ணன். காய்ச்சல்காரரின் இரத்தத்தை ஸ்லைடில் பூசி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து, வெண்குழியங்களை நூறு வரை எண்ணுவது அவர்களுடைய வேலை. உடம்பில் கிருமி ஏறும்போது எலும்பு மச்சை அவசரத்தில் பிஞ்சுக் குழியங்களையும் வெளியே தள்ளிவிடும். முதிர்ந்த குழியத்தின் கரு இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து, இடையில் நூல் ஓடியது போல இருக்கும். பிஞ்சின் கரு பிரியாமல், வளைந்த பட்டி மாதிரிக் கிடக்கும். அதற்கு நாங்கள் சொல்லும் பெயர் பாண்ட். நூற்றில் எத்தனை பாண்ட் என்பதை வைத்து, இது வெறும் வைரஸ் காய்ச்சலா, ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய கிருமியா என்று டொக்டர்மார் யோசிப்பார்கள்.

ஒரு குழாயிலிருந்து இரண்டு ஸ்லைட் பூசுவோம். ஆளுக்கு ஒன்று. இருவரும் எண்ணி, சராசரி எடுத்து, இருவரும் கையெழுத்து வைப்பார்கள். இரண்டாவது ஆள் எதற்கு என்றால், முதலாவது ஆள் தவறவிட்டதைப் பிடிக்க. வேறு காரணம் இல்லை.

நான் மருத்துவ பீடத்தை மூன்றாம் வருடத்தோடு விட்டவன். பிறகு இந்த லெப்பில் இரவு வேலை செய்தேன், அதையும் விட்டேன். விலகல் கடிதத்தைக் கொடுக்கப் போனபோது லெப்பின் சொந்தக்காரர் டொக்டர் ஸாலிஹ் அதை வாங்காமல், பகலில் ஒரு வேலை இருக்கிறது, செய்துவிட்டுப் போ என்றார்.

வேலை இதுதான். ஒரு கம்பனி தன் இயந்திரத்தைப் பரீட்சைக்கு என்று எங்களிடம் விட்டிருந்தது. ஸ்லைடை உள்ளே தள்ளினால் அதுவே வெண்குழியங்களைத் தேடிப் படம் எடுத்து, இது பாண்ட், இது முதிர்ந்தது என்று பிரித்துத் திரையில் வரிசையாகப் போடும். அது எண்ணுவது சரியா, எங்கள் ஆட்கள் இருவரும் எண்ணுவது சரியா என்று ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். இயந்திரம் சரி என்றால் வாங்குவார். வாங்கினால் அது சந்தேகப்படும் குழியங்களைப் பார்க்க ஒரு ஆள் போதும். மற்ற ஆள் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கும் வேலைக்கு மாற வேண்டும். டொக்டர் இதை ஒளிக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

பைறோஸா அக்காவுக்கு அந்த வேலை தெரியும். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரைக்கும் தொடர்மாடிகளில் ஏறி இறங்கி முழங்கால் போனது அந்த வேலையில்தான். லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில்தான் எப்போதும் வயதானவர்கள் மேல்மாடியில் இருப்பார்கள் என்பார். அங்கிருந்து கெஞ்சிக் கேட்டு, உட்கார்ந்து எண்ணும் இந்தக் கதிரைக்கு வந்தவர். திரும்பிப் போகச் சொன்னால் வேலையையே விட்டுவிடுவேன் என்று டொக்டருக்கு முன்னாலேயே சொன்னார். புஷ்பராஜ் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், இப்போது வத்தளையில் இருக்கிறார். எதற்கும் உடனே பதில் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

முதல் சுற்று முடிந்ததும் வரைபடம் போட்டுப் பார்த்தேன். பைறோஸா அக்காவின் எண்களும் புஷ்பராஜ் அண்ணனின் எண்களும் ஒரு கோட்டில் ஒட்டிக் கிடந்தன. இவர் ஒன்பது என்றால் அவர் ஒன்பது, அல்லது பத்து. இயந்திரத்தின் எண்கள் இருவரிடமிருந்தும் விலகி, அநேகமாகச் சற்று மேலே நின்றன. டொக்டர் ஸாலிஹ் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மனிதர்கள் இவ்வளவு ஒத்துப்போகும்போது இயந்திரம்தான் பிழை, எழுதிக் கொடு, திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். அன்றைக்கு பைறோஸா அக்கா எல்லோருக்கும் பற்றிஸ் வாங்கிக் கொடுத்தார். என்னுடைய பங்குக்கு இரண்டு.

பற்றிஸைத் தின்றுகொண்டே திரும்பவும் அந்த எண்களைப் பார்த்தேன். நன்றாக இருந்தன. அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்தன.

ஒரு மூட்டை வெள்ளை அரிசியில் பத்துக்கு ஒன்று என்று சிவப்பரிசி கலந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேர் கையை விட்டு ஆளுக்கு நூறு அரிசி எடுத்து எண்ணினால் ஒருவருக்கு ஆறு வரும், மற்றவருக்குப் பதின்மூன்று வரும். இருவரும் ஒழுங்காகத்தான் எண்ணியிருப்பார்கள். கைக்கு அகப்பட்டது வேறு, அவ்வளவுதான். இரண்டு ஸ்லைடுகளும் அப்படித்தான். ஒரே இரத்தம் என்றாலும் இவர் கண்ட நூறு குழியங்கள் வேறு, அவர் கண்ட நூறு வேறு. இருவரின் கண்ணும் தெய்வக் கண்ணாக இருந்தாலும் எண்கள் இப்படி ஒட்டி வராது.

அடுத்த சில நாட்கள் அவர்கள் எண்ணும் அறையில் ஒரு மூலையில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிரூட்டிய அறை, ஒரு நீள மேசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நுணுக்குக்காட்டிகள். இருவரும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. எண்ணும்போது கதைப்பதும் இல்லை. எண்ணி முடித்தால்தான் கதை. கதை என்றால் அநேகமாக பைறோஸா அக்கா புஷ்பராஜ் அண்ணனின் சாப்பாட்டுப் பெட்டியைப் பழிப்பது. ஒருநாளைக்காவது பருப்பில்லாமல் வாருங்கள் என்பார். அவர், பருப்புக்குக் கிட்னி இருந்தால் உங்களைக் கண்டு ஓடியிருக்கும் என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருவரும் சிரிப்பார்கள்.

எண்ணுவதற்கு ஆளுக்கொரு பழைய இரும்புக் கணக்கி இருந்தது. ஒவ்வொரு வகைக் குழியத்துக்கும் ஒரு கட்டை. பார்த்த குழியத்துக்கு ஏற்ற கட்டையை விரலால் அமர்த்த வேண்டும். நூறு ஆனதும் மணி அடிக்கும். பைறோஸா அக்காவின் கணக்கியில் பாண்ட் கட்டையின் சுருள்கம்பி எப்போதோ உடைந்து, முச்சக்கர வண்டிக் கராஜில் கொடுத்து வேறொன்று போட்டிருக்கிறார்கள். மற்றக் கட்டைகள் எல்லாம் டிக் என்று விழும். அது மட்டும் டொக் என்று விழும்.

டிக் டிக் டிக் டொக். அவர் டொக் என்று அமர்த்தியதும், சற்றுப் பிந்தி, புஷ்பராஜ் அண்ணனின் விரல் தன் பாண்ட் கட்டைக்கு நகரும். ஒவ்வொரு முறையும் இல்லை. ஆனால் அநேகமாக. நான் கொம்பியூட்டரை மூடிவிட்டு அவருடைய விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களவு என்று சொல்ல மாட்டேன். அவருடைய முகத்தில் களவு செய்கிறவனின் கவனம் இல்லை. ஒரு குழியம் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் இருக்கும். அந்த நேரம் பக்கத்தில் டொக் என்று கேட்டால் அது பாண்டாகத் தெரியும். கேட்காவிட்டால் முதிர்ந்ததாகத் தெரியும். மனிதக் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் யார் யாரைப் பின்பற்றுகிறார் என்பதில் எனக்கு முழு நிச்சயம் வரவில்லை. இருவரும் நல்ல வேகத்தில் எண்ணுகிறவர்கள். விரல் முந்தியதா பிந்தியதா என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை.

பைறோஸா அக்காவிடம் முதலில் சொன்னேன். இயந்திரத்தைத் திருப்பி அனுப்ப முன்னர் இன்னொரு சுற்று, இருவரும் வெவ்வேறு இடத்தில் இருந்து எண்ண வேண்டும் என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்னத்தச் செல்ல வாற, ராகுலன்? நாங்க பாத்து எழுதுறமெண்டா?"

இல்லை என்றேன். எண்கள் அளவுக்கு மீறி ஒத்திருக்கின்றன, அதற்குக் காரணம் தெரிய வேண்டும் என்றேன்.

"ஒத்துப்போனாலும் குத்தமா? சண்ட புடிச்சாத்தான் ஒனக்குச் சந்தோசமா ஈக்குமா?"

முடிந்த வேலையைக் கிண்டாதே என்று சொன்னார். டொக்டருக்குத் திருப்தி, எனக்குத் திருப்தி, அண்ணனுக்குத் திருப்தி, உனக்கு மட்டும் என்ன வந்தது என்றார். நான் அதை ஒரு விதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். பிரித்து வைத்தால் தன் எண்கள் கெட்டுப்போகும், கதிரை போகும், திரும்பவும் மாடிப்படி என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பயம் நியாயமானது. அதற்காக விட முடியாது.

டொக்டர் ஸாலிஹுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எண்கள் அளவுக்கு மிஞ்சி நன்றாக இருக்கின்றன என்று சொன்னவுடன் வரைபடத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். தானே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். கம்பனியிடம் இயந்திரத்தை இன்னும் சில வாரம் வைத்திருக்கக் கேட்டார்.

பைறோஸா அக்காவின் வீடு பாமன்கடையில். அதனால் அவரைப் பக்கத்தில், வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் பெரிய லெப்புக்கு அனுப்பினோம். கடற்கரைப் பக்கத்துக் கட்டடம். ரயில் போகும்போது மேசை அதிர்ந்து குழியங்கள் நடுங்கும். போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் காலையில் ஸ்லைட் பெட்டியோடு அங்கே போய், அவர் எண்ணி முடித்ததும் அவற்றையே வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வந்து, புஷ்பராஜ் அண்ணனுக்குக் கொடுப்பேன். இம்முறை இருவருக்கும் ஒரே ஸ்லைட். பிறகு அதுவே இயந்திரத்துக்கு. இன்னொன்றும் செய்தேன். சில ஸ்லைடுகளின் இலக்கத்தை மாற்றி ஒட்டி, சில நாள் கழித்துப் புது ஸ்லைட் போல இருவருக்கும் திரும்பக் கொடுத்தேன். ஒரு அளவுகோலைச் சோதிப்பதென்றால் அதே பொருளை அதனால் இரண்டு முறை அளந்து பார்க்க வேண்டும். ஆட்களுக்கும் அதுதான் விதி.

வரைபடம் மாறியது. பைறோஸா அக்காவின் எண்கள் மாறவில்லை. கொட்டாஞ்சேனையில் எப்படி இருந்தனவோ அப்படியே, இயந்திரத்தைவிடக் கொஞ்சம் கீழே, ஒரே சீராக நின்றன. சந்தேகம் என்றால் முதிர்ந்தது என்று போடு என்று அவருக்கு ஆரம்பத்தில் படிப்பித்திருக்கிறார்கள். அதைத்தான் இன்றுவரை செய்கிறார். அவருக்கு ஒரு ஸ்லைடைத் திரும்பக் கொடுத்தால் முன்பு சொன்னதற்குப் பக்கத்திலேயே சொன்னார். சிதறியது புஷ்பராஜ் அண்ணன். சராசரியைப் பார்த்தால் இயந்திரத்தோடு ஒத்துப்போனார். ஆனால் ஒரு நாள் நாலு என்று சொன்ன ஸ்லைடுக்கு இன்னொரு நாள் பதினாறு என்றார்.

அளக்கும் தொழிலில் இரண்டு விதப் பிழை உண்டு. எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டும் தராசை வைத்து வியாபாரம் செய்யலாம். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறை காட்டும் தராசை ஒன்றும் செய்ய முடியாது. அதன் சராசரி சரியாக இருந்தாலும் அதில் பொருள் வாங்குகிறவன் சராசரியை வாங்குவதில்லை.

வெள்ளவத்தைக்குப் போய் பைறோஸா அக்காவிடம் காட்டினேன். நல்ல செய்தி கொண்டு போகிறவனாகத்தான் போனேன். கதிரை உங்களுக்குத்தான், உங்கள் எண்கள்தான் நிற்கின்றன என்றேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"அவருக்குக் கண் தெரியல்ல," என்றார் பிறகு. "ஒனக்கு இப்பதான் வெளங்கிச்சா?"

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன நோன்புக்கு முந்தியே. எண்ட கட்ட விழுறது அவருக்குக் கேக்குதெண்டு தெரியும். கேட்டா கேக்கட்டுமெண்டு உட்டுட்டன்."

முடிந்த வேலையைக் கிண்டாதே என்று அவர் சொன்னது யாருடைய கதிரைக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் நினைத்தது முழுப் பிழை. பிரித்து வைத்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. இயந்திரம் திரும்பிப் போனால் இருவரும் இருக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அவர் தன் கண்ணால் எண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார். பிறகு, முதல் சுற்றின் எண்களை எழுதிக் கொடு, இது நமக்குள் இருக்கட்டும் என்றார். நான் முடியாது என்றேன். அவ்வளவு காலமும் லெப்பில் ஒருவர்தான் எண்ணினார், இரண்டு கையெழுத்து போனது, நோயாளியை இரண்டு பேர் பார்த்ததாக டொக்டர்மார் நம்பினார்கள் என்றேன்.

"அதனால ஏதும் புழ போச்சா? போனா காட்டு."

என்னால் காட்ட முடியவில்லை. பைறோஸா அக்கா எண்ணியது சரியாக இருக்கும்வரை இரண்டாவது ஆள் இல்லாதது வெளியே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் அதிலுள்ள சிக்கல் என்றேன். அவர் அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்துக்கொண்டார்.

அறிக்கை எழுதினேன். டொக்டர் ஸாலிஹ் வாசித்துவிட்டு இயந்திரத்தை வாங்குவதாகச் சொன்னார். பாண்ட் என்றால் என்ன என்பதற்கு லெப்புக்கு ஒரே விதி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, படமும் கீறி, மேசைக்கு மேல் ஒட்டச் சொன்னார். பைறோஸா அக்கா அந்த விதிக்கு மாறினால் போதும் என்றார். புஷ்பராஜ் அண்ணனை வெள்ளவத்தையில் இரத்தம் எடுக்கும் அறைக்கு மாற்றுவோம், வீடு வீடாக வேண்டாம் என்றார். கண்ணைப் பார்க்க நாளும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதைத் தானே அவரிடம் சொல்ல இருந்தார். பைறோஸா அக்கா விடவில்லை. கொட்டாஞ்சேனைக்கு வந்து, அவர் பக்கத்தில் தன் பழைய கதிரையில் உட்கார்ந்து, தானே சொன்னார். நான் வெளியே நின்றேன்.

பிறகு புஷ்பராஜ் அண்ணன் என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் கேட்டார். திரையில் காட்டினேன். மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கோட்டுல போறது பைறோஸா தங்கச்சியா?"

"ஓம்."

"இப்புடி மழை பேஞ்ச மாதிரிக் கெடக்குறது நானு."

"ஓம், அண்ணன்."

"நல்லாத்தான் பேஞ்சிருக்கு," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது கதிரையைப் பற்றி அல்ல. அவர் கையெழுத்து வைத்த அறிக்கைகளின் ஸ்லைடுகள் எங்கே என்று கேட்டார். மேலே சாமான் அறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன என்றேன்.

"அப்ப அத எல்லாத்தையும் ஒருக்காப் பாக்கணும்ப்பா. நான் பாத்தேன்னு எழுதிருக்கு. பாக்கல இல்லையா?"

பைறோஸா அக்கா திரும்ப எண்ணினால் அதே எண்தான் வரும், பிரயோசனம் இல்லை என்றேன். அவர் இயந்திரத்தைக் காட்டினார். இது எதுக்கு இருக்கு என்றார்.

இடமாற்றத்துக்கு முன்னால் இருந்த நாட்களை அவர் அதற்கே செலவழித்தார். பெட்டிகளை ஏணி வைத்து இறக்கி, ஸ்லைடைத் துடைத்து, இயந்திரத்தில் அடுக்கி, திரையில் பெரிய எழுத்தில் வரும் எண்ணைச் சத்தமாக வாசிப்பார். நான் பழைய அறிக்கையின் எண்ணைச் சொல்வேன். பெரும்பாலும் பொருந்தியது. கீழே மேலே இருந்தாலும் வைத்தியத்தை மாற்றும் அளவுக்கு இல்லை. சற்று விலகியவற்றை பைறோஸா அக்கா எடுத்து, பேசாமல் நுணுக்குக்காட்டியில் பார்த்து, தன் பழைய விதிதான் காரணம் என்று திருப்பித் தந்துகொண்டிருந்தார். அவருடைய முகத்தில், நான் சொன்னேன்தானே என்ற எண்ணம் வரத் தொடங்கியிருந்தது.

முகத்துவாரத்துப் பிள்ளை ஒன்றின் ஸ்லைட் வந்தது. எங்கள் அறிக்கையில் இருந்தது சாதாரண எண், இரண்டு கையெழுத்தோடு. இயந்திரம் அதைப்போலப் பல மடங்கு சொன்னது. புஷ்பராஜ் அண்ணன் திரும்ப ஒருமுறை போட்டார். திரும்பவும் அதுவே வந்தது. பைறோஸா அக்கா அந்த ஸ்லைடை வாங்கிப் பார்த்தார். எண்ணவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நுணுக்குக்காட்டியின் தட்டை மெல்லத் திருகி ஸ்லைடின் மறு கரைக்குப் போனார், திரும்பி வந்தார்.

"நான் தடிச்ச எடத்தப் பாத்தீக்கிறன்," என்றார். "மெல்லிசா ஈக்கிற பக்கம் போகல்ல. அங்க முழுக்க பாண்ட்."

தடித்த இடத்தில் குழியங்கள் நெருங்கிச் சுருங்கிக் கிடக்கும், கருவின் வடிவம் தெரியாது. எவருக்கும் நடக்கக்கூடியது. அவசரமான ஒரு காலை, வரிசையாகக் காய்ச்சல்காரர்கள். இரண்டாவது ஸ்லைடைக் கண் தெரிகிற ஒருவர் வேறு அறையில் பார்த்திருந்தால் இரண்டு எண்ணும் முட்டியிருக்கும். முட்டினால் திரும்ப எண்ணியிருப்பார்கள். முட்டவில்லை.

டொக்டரிடம் சொல்லிவிட்டு நானே அந்த வீட்டுக்கு அழைத்தேன். தாய் எடுத்தார். அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடி மூச்சு வாங்கியதாகவும், ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொல்லி வைத்திருந்ததாகவும், இப்போது சுகமாகிப் பள்ளிக்கூடம் போவதாகவும் சொன்னார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். எங்கள் அறிக்கையில் எண் குறைவாகப் போயிருந்தது, அதைச் சொல்லத்தான் அழைத்தேன் என்றேன். இப்போது திரும்ப இரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் என்னுடைய இலகுவுக்காக அவர் தொலைபேசி வைத்திருக்கவில்லை.

அந்தச் செய்தியைச் சொன்னபோது பைறோஸா அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவி வந்தார். புஷ்பராஜ் அண்ணன் மிச்சப் பெட்டியையும் இறக்கினார். அதிலும் கடைசி ஸ்லைட் வரை போட்டார். அப்படி இன்னொன்று கிடைக்கவில்லை.

இப்போது அவர் வெள்ளவத்தையில் இரத்தம் எடுக்கிறார். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம். வெட்டி எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். மற்றதையும் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். கண் தெரியாமல் ஊசி போடுகிறீர்களா என்று நான் பகிடியாகக் கேட்டேன். நரம்பு தேடக் கண் எதுக்கு, விரல் போதும், வேண்டுமென்றால் கையை நீட்டு என்றார். நான் நீட்டவில்லை. வெட்டிய பிறகு அவருக்குத் திரும்பக் கதிரை கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்த இடத்தில் இப்போது இயந்திரம் இருக்கிறது. டொக்டர் அதைத்தான் இரண்டாவது ஆளாக வைத்திருக்கிறார். நான் எழுதிய அறிக்கையும் அதைத்தான் சொன்னது. எனக்கு அதில் மனமாற்றம் இல்லை.

இயந்திரம் சந்தேகப்படும் குழியங்களைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் தான் நினைக்கும் பெயரை எழுதும். அதைப் பார்த்து பைறோஸா அக்கா ஆம் என்றோ இல்லை என்றோ அமர்த்த வேண்டும். அவர் அதோடு வேலை தொடங்கிய முதல் நாள் ஒரு வரிசையைப் பார்த்தார். இரண்டு மூன்று குழியங்களுக்கு ஆம் போட்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, இரத்தம் எடுக்கும் அறைக்குப் போய், ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பிளாஸ்டர் சுருளைக் கொண்டு வந்து, திரையில் பெயர் வரும் கீழ்ப்பக்கத்தை முழு நீளத்துக்கும் ஒட்டினார்.

கம்பனியிலிருந்து பராமரிப்புக்கு வந்தவர் புதுத் திரையில் பிளாஸ்டரைக் கண்டு கலங்கிப்போனார். அதை எடுக்கச் சொன்னார். பைறோஸா அக்கா கதிரையைத் திருப்பவும் இல்லை.

"அது என்ன செல்லுதெண்டு எனக்கு இப்பத் தேவல்ல," என்றார். "நான் செல்லி முடிச்ச பொறகு ஒசத்திப் பாப்பன்."